மடங்கும் கைப்பேசியும் மாதச் சம்பளமும்



2025ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் நம் தலைநகர் கோலாலம்பூரில் ஒரு விழா நடைபெற்றது. சீனாவின் ஹுவாவே நிறுவனம், மூன்றாக மடிக்கக்கூடிய கைப்பேசி ஒன்றை உலகச் சந்தைக்கு அங்கே வைத்துத்தான் அறிமுகப்படுத்தியது. விரித்துப் பிடித்தால் 10.2 அங்குலத் திரை. ஏறக்குறைய நம் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தின் அளவு. மிக மெல்லிய இடத்தில் அதன் தடிப்பு 3.6 மில்லிமீட்டர்தான். அன்று அறிவிக்கப்பட்ட மலேசிய விலை 14,999 வெள்ளி.

அதே பிப்ரவரி முதல் நாளில்தான், ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தொழிலாளி எட்டு மாதச் சம்பளத்தை ஒரு காசு கூடத் தொடாமல் சேர்த்தாலும் 13,600 வெள்ளிதான். ஒன்பதாம் மாதச் சம்பளத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தால் மீதி 301 வெள்ளி கையில் வரும். அந்த ஒன்பது மாதமும் வீட்டில் அடுப்பு எரியாது என்பது வேறு செய்தி.

"எங்கள் லூபோக் சீனாவில் இதை யார் வாங்கப் போகிறார்கள், வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சரியே. யாரும் வாங்கப் போவதில்லை. ஆனால் மேலே காட்டப்படும் பொருளின் சாயல் மூன்று நான்கு ஆண்டுகளில் கீழே இறங்கி வருகிறது. வளைந்த திரை, காதில் செருகும் துளை இல்லாத உடல், கழற்ற முடியாத மின்கலம் எல்லாமே முதலில் பணக்காரர் பொருளாக வந்து, பின்னர் அலோர் காஜா, மஸ்ஜித் தானா கடைகளில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வெள்ளிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் நாம்தான். ஆகவே அவை எதற்காக அப்படிச் செய்யப்படுகின்றன, எப்படி விற்கப்படுகின்றன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

கைப்பேசி எப்போதும் இப்படிச் சிலேட்டுப் பலகை போல இருந்ததில்லை. நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் ஒரு காலத்தில் மனத்தில் தோன்றிய வடிவத்தையெல்லாம் செய்து பார்த்தது. 2003இல் வந்த 3650 என்ற கைப்பேசியில் எண்கள் வரிசையாக இல்லை. பழைய சுழற்று தொலைபேசியைப் போல வட்டமாக இருந்தன. வரிசைக்குப் பழகிய விரல்கள் தடுமாறின. அதே ஆண்டு அக்டோபரில் வந்த என்-கேஜ் என்பது விளையாட்டுப் பெட்டியும் தொலைபேசியும் சேர்ந்தது. அதில் பேச வேண்டுமானால் முகத்தைத் திருப்பாமல் கருவியைத் திருப்பி, அதன் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். விளையாட்டை மாற்ற வேண்டுமானால் மின்கலத்தைக் கழற்ற வேண்டும்! உலகமே சிரித்தது. அடுத்த ஆண்டே இரண்டையும் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். 2004இல் உதட்டுச்சாயக் குப்பி வடிவத்தில் ஒன்று வந்தது. அதில் எண் பொத்தான்களே இல்லை.

2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வந்தது. பொத்தான்கள் மறைந்தன. ஒரு கண்ணாடிப் பலகை, அதன் பின்னால் எல்லாம். அதன் பிறகு எல்லா நிறுவனங்களும் அதே பாதையில் போயின. பத்து ஆண்டுகளுக்குள் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல ஆகிவிட்டன. வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்துவிட்டது. கையில் இருப்பதும் நன்றாகவே வேலை செய்கிறது. விற்கிறவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேறென்ன இருக்க முடியும்? வேலை செய்கிற பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்க வைக்க வேண்டும். அதற்கு ஒரு காரணம் தேவை. கண்ணுக்குத் தெரிகிற காரணமாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கேதான் வடிவம் வருகிறது.

இப்போது மடங்கும் திரையைப் பார்ப்போம். இது சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய செய்தி.

ஒரு தடித்த பிரம்பை எடுத்து வளையுங்கள். வளைவின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நெருக்குண்ணுகிறது. தடிப்பு கூடக் கூட இந்த இழுப்பும் நெருக்கமும் கூடும். ஓர் அளவைத் தாண்டினால் பிரம்பு முறிகிறது. தென்னை ஈர்க்கை வளையுங்கள், முறிவதில்லை. மெல்லியதாக இருப்பதால் அதற்கு இழுப்புக் குறைவு. கண்ணாடியும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். போதிய அளவு மெல்லியதாக ஆக்கிவிட்டால் கண்ணாடியும் வளையும். 2020இல் சாம்சங் நிறுவனம் மடிப்புக் கைப்பேசியில் வைத்த கண்ணாடியின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. நம் தலைமுடியைவிட மெல்லியது. அதன் மேல் நெகிழிப் படலம் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். விரல் படுவது கண்ணாடியின் மேல் அல்ல, அந்தப் படலத்தின் மேல்தான். படலம் மென்மையானது, நகம் அழுந்தினால் தழும்பு விழும். இது யாருடைய கவனக்குறைவும் அன்று. வளைய வேண்டுமானால் மெல்லியதாக இருக்க வேண்டும், மெல்லியதாக இருந்தால் எளிதில் கெடும். இயற்கையின் கணக்கு அது. விளம்பரம் இந்தக் கணக்கின் முதல் பாதியை மட்டும் சொல்லும்.

2019ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் சாம்சங் தன் முதல் மடிப்புக் கைப்பேசியான கேலக்சி ஃபோல்டை அறிவித்தது. விலை 1,980 அமெரிக்க டாலர். ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவில் விற்பனை தொடங்கும் என்றார்கள். அதற்கு முன்பாகச் சோதித்து எழுதுவதற்காகச் செய்தியாளர்கள் சிலருக்குக் கொடுத்தார்கள். ஓரிரு நாளிலேயே சிலருடைய திரைகள் கெட்டுப் போயின. சிலர் மேலே இருந்த படலத்தை, புதுக் கைப்பேசியில் ஒட்டி வருகிற பாதுகாப்புத் தாள் என்று எண்ணி உரித்துவிட்டார்கள். உரித்தவுடன் திரை செத்துப் போயிற்று. ஏனென்றால் அது திரையின் ஒரு பகுதி! வேறு சிலர் எதையும் உரிக்கவில்லை. கீலின் ஓரத்து இடைவெளி வழியாகத் துகள் உள்ளே புகுந்து, திரையை அடியிலிருந்து தள்ளிவிட்டது. விற்பனை தள்ளி வைக்கப்பட்டது. படலத்தின் ஓரம் சட்டத்துக்குள் மறையும்படி நீட்டினார்கள். கீலின் முனைகளுக்கு மூடி வைத்தார்கள். செப்டம்பரில்தான் விற்கத் தொடங்கினார்கள்.

நம் மலாக்காவில் பத்து பெரெண்டாம் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடையால் மூடிக்கொண்டு, காற்றால் உடலைத் தட்டிக்கொண்டு, சுத்தமான அறைக்குள் போவதைப் பற்றி அவர்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஒரு தூசிக்கு ஏன் இத்தனை பயம் என்று தாய்மார்கள் வியந்திருப்பீர்கள். அப்படித் தூசிக்குப் பயந்து செய்யப்பட்ட பொருளில் ஒரு கீலை வைத்து, திறந்து மூடித் திறந்து மூடி, செம்மண் சாலையில் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோனால் என்ன ஆகும்? இரண்டு இலட்சம் தடவை மடித்துச் சோதித்தோம் என்று விளம்பரம் சொன்னது. உண்மைதான், சோதித்தார்கள். மடித்தது சோதனைக்கூடத்து இயந்திரம். அந்த இயந்திரம் உர மூட்டையைத் தூக்கிவிட்டு வந்து மடிக்கவில்லை.

இந்த இடத்தில் பிள்ளைகளும் கவனித்துக் கேளுங்கள்; கணக்குப் போலத்தான் இதுவும். கைப்பேசிப் பெட்டியில் ஐபி என்ற இரண்டு எழுத்தும் அதையடுத்து இரண்டு எண்ணும் இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாம் எண் தண்ணீருக்கு. ஐபி 67 என்றால், தூசி முழுமையாகத் தடுக்கப்படும். ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும். எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் என்று போட்டிருந்தால், அந்தப் பகுதிக்குத் தரம் எதுவும் குறிக்கப்படவில்லை என்று பொருள். 2021இல் வந்த சாம்சங்கின் மூன்றாம் மடிப்புக் கைப்பேசிக்கு ஐபிஎக்ஸ் 8. தண்ணீருக்கு எட்டு என்று விளம்பரம் முழங்கியது. தூசி இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் நின்றது. 2024இல் ஆறாம் கைப்பேசிக்கு ஐபி 48 கிடைத்தது. நான்கு என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் உள்ளே போகாது. நம் தோட்டத்துத் தூசி ஒரு மில்லிமீட்டர் இருக்குமா, சொல்லுங்கள்! 2025இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட மடிப்புக் கைப்பேசிக்குத்தான் தூசிக்கும் ஆறு என்ற எண் வந்தது. ஆக, சாம்சங்கின் முதல் மடிப்புக் கைப்பேசி வந்து ஆறு ஆண்டுகள் ஆயின. முந்தி வாங்கியவர்கள் காசு கொடுத்துச் சோதனை செய்துகொடுத்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கைப்பேசியைக் கடலலையில் பிடித்துக்கொண்டும், நீச்சல் குளத்தில் படம் எடுத்துக்கொண்டும் இளைஞர்கள் சிரிக்கும் விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் பயனீட்டாளர் நலனைக் காக்கும் அரசு ஆணையம் இதை விடவில்லை. நன்னீரில் சோதித்த கைப்பேசியைக் கடலிலும் குளத்திலும் பயன்படுத்தலாம் என்பது போலக் காட்டியது தவறு என்று 2019இல் சாம்சங் மீது வழக்குத் தொடுத்தது. நனைந்தபின் மின்னேற்றினால் மின்னேற்றும் துளை அரித்துப் போகக்கூடும் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றம் 1 கோடியே 40 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. குலை வெட்டும் அண்ணன்மார்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையும் உப்பு நீர்தான். சட்டைப் பையில் நனைந்த கைப்பேசியை வீட்டுக்கு வந்ததும் மின்கம்பியில் செருகாதீர்கள். துளை காயட்டும்.

வளைந்த விளிம்புக்கு வருவோம். 2014இலும் 2015இலும் சாம்சங் திரையின் ஓரத்தைப் பக்கவாட்டில் வளைத்து வைத்தது. பார்க்க மிக அழகு; அதில் ஐயமில்லை. தண்ணீர்த் துளி வழிவது போலக் கண்ணாடி வழியும். மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. ஆனால் உள்ளங்கை பட்டாலே திரை தொடப்பட்டதாக எண்ணிக்கொள்ளும். வெயிலில் ஓரம் மின்னும். சந்தையில் ஐந்து வெள்ளிக்கு விற்கும் பாதுகாப்புக் கண்ணாடி அதன்மேல் படியாது. கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது அந்த ஓரம்தான். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இதை முன்னேற்றம் என்று விற்றார்கள். 2024 ஜனவரியில் அதே சாம்சங் தன் உயர்விலைக் கைப்பேசி ஒன்றில் திரையை மறுபடியும் தட்டையாக்கியது. அதையும் முன்னேற்றம் என்றே விற்றார்கள்!

எங்கள் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்கிறேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசி வழியே போயிற்று. அந்த வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர், கைப்பேசி ஒன்று. அதுவும் வளைந்த ஓரத் திரை கொண்டது. பட்டணத்துக் கடையொன்றில், "அண்ணே, இது புது மாடல், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்று தவணையில் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் மழையில் அப்பாவின் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஓரம் நொறுங்கித் திரை பச்சைக் கோடாகிவிட்டது. கடைக்காரர் திரை மாற்றச் சொன்ன விலை, கைப்பேசி வாங்கிய விலையில் பாதிக்கும் மேல். தட்டைத் திரையாக இருந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கில் முடிந்திருக்கும் என்று அவரே சொன்னாராம். கைப்பேசி மேசை இழுப்பறைக்குள் போயிற்று. தவணை மட்டும் மாதா மாதம் நிற்காமல் போயிற்று. அந்தப் பிள்ளைகளுக்கு நான் பயிற்சித் தாள்களை அச்சடித்து, தோட்டத்து நுழைவாயிலில் காவலரிடம் கொடுத்து அனுப்பினேன். மூத்தவள் ஆறாம் ஆண்டு. அவள் அந்த ஆண்டு இழந்த மாதங்களை யாரிடம் கேட்டுப் பெறுவது?

அதனால்தான் சொல்கிறேன், வடிவம் என்பது வெறும் அழகுச் செய்தி அன்று.

வடிவத்தைச் சேர்ப்பது ஒரு பக்கம். உள்ளதை எடுத்துவிடுவது மற்றொரு பக்கம். 2016 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஏழாம் ஐபோனில் காதொலிக் கம்பி செருகும் துளையை எடுத்துவிட்டது. அதற்குத் துணிச்சல் என்று மேடையிலேயே பெயர் சூட்டினார்கள். பத்து வெள்ளிக் காதொலிக் கம்பி வைத்திருந்தவரால் அதை நேராகச் செருக முடியாமல் போயிற்று. வாங்குபவர் செலவில் வந்த துணிச்சல் அது. சாம்சங் இதைக் கேலி செய்து விளம்பரம் எடுத்தது. 2019 ஆகஸ்டில் தன் நோட் 10 கைப்பேசியிலிருந்து அதே துளையை எடுத்தது. கேலி விளம்பரங்களையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. 2020இல் ஆப்பிள் பெட்டியிலிருந்து மின்னேற்றியை நீக்கியது. மறுபடி கேலி. 2021 ஜனவரியில் சாம்சங்கும் நீக்கியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அது இங்கே இரண்டு வீட்டிலும் மாறி மாறி நடந்தது. பிரேசில் நாடு மட்டும் வாய் மூடி இருக்கவில்லை. மின்னேற்றி இல்லாமல் ஐபோனை விற்பது பயனீட்டாளருக்குச் செய்யும் அநீதி என்று 2022 செப்டம்பரில் அந்த விற்பனைக்கே தடை போட்டது.

வடிவத்தால் தொலைபேசியின் முதல் வேலையே கெட்டதும் உண்டு. 2010 ஜூனில் வந்த நான்காம் ஐபோனைச் சுற்றி உலோகப் பட்டை ஒன்று ஓடியது, அதுவே அலைவாங்கி. அழகாகவும் இருக்கும், அலையையும் வாங்கும் என்று நினைத்தார்கள். இடக் கையால் பிடித்தால் விரல் கீழ் மூலையில் படும். அலை குறைந்து பேச்சு அறுந்தது. அந்த மூலையைத் தொடாமல் பிடியுங்கள் என்பது நிறுவனத்தின் முதல் பதில். பின்னர் ஜூலை 16ஆம் நாள் கூட்டம் கூட்டி, எல்லாருக்கும் இலவச உறை தருவதாக அறிவித்தார்கள். பட்டணத்தில் அலை குறைந்தால் அது ஒரு சங்கடம். லிங்கி ஆற்றங்கரைச் செம்பனைக்குள் ஒற்றைக் கோடு அலைக்காகக் கையைத் தூக்கி நிற்பவருக்கு அது வேறு விதமான செய்தி. பாம்பு தீண்டியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடக் கையா வலக் கையா என்று யோசிக்க முடியுமா?

புதுமை விற்காமல் போனதும் நிறைய. அமேசான் நிறுவனம் 2014இல் முகத்தைப் பார்த்துப் படத்தை அசைத்துக் காட்டும் நான்கு கருவிகளை முன்புறம் வைத்து ஒரு கைப்பேசி விற்றது; சில மாதங்களிலேயே 17 கோடி டாலர் நட்டக் கணக்கு எழுதியது. எல்ஜி நிறுவனம் 2020இல் மேல் திரை சுழன்று டி எழுத்துப் போல நிற்கும் கைப்பேசியை வெளியிட்டது. 2021 ஏப்ரலில் கைப்பேசித் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. நிறுவனம் நட்டக் கணக்கு எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடும். அந்தச் சுழல் கைப்பேசியை வாங்கியவர் அதன் கீல் கெட்டால் எந்தக் கடையில் போய் நிற்பார்?

இந்தியாவில் 2016 பிப்ரவரியில் நடந்தது இதற்கு நேர் எதிரான கதை. நொய்டா நகரத்து நிறுவனம் ஒன்று 251 ரூபாய்க்குத் திறன்பேசி என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்தது. செய்தியாளர்களுக்குக் கொடுத்த மாதிரிக் கைப்பேசியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது. நம் பள்ளிப் பிள்ளைகள் எழுத்துப் பிழையை மறைக்கும் அதே வெள்ளை மை! நகத்தால் சுரண்டியவுடன் பெயர் தெரிந்தது.

எல்லாப் புதிய வடிவமும் வீண் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். 2011இல் சாம்சங் 5.3 அங்குலத் திரையோடு ஒரு கைப்பேசி வெளியிட்டபோது, சாப்பாட்டுத் தட்டைக் காதில் வைப்பது போல இருக்கிறது என்று பலர் நகைத்தார்கள். இன்று அதைவிடப் பெரிய திரைதான் எல்லார் கையிலும். கண் மங்கிய பாட்டிமார்கள் பேரப்பிள்ளையின் முகத்தைத் தெளிவாகப் பார்க்க அது உதவியது, ஆகவே நிலைத்தது. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் என்ற நிறுவனம் மின்கலத்தையும் திரையையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும்படி கைப்பேசி செய்கிறது. அதுவும் இன்று விநோதமான வடிவம்தான்; என் கண்ணுக்கு மூன்று மடிப்பைவிட அதுதான் பெரிய புதுமை. நம் நாட்டில் அது பரவலாகக் கிடைப்பதில்லை என்பது வருத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், கைப்பேசியின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதி வந்துள்ளது. சட்டம் கேட்டால் நிறுவனம் செய்யும் என்பதற்கு அது சான்று.

இனி, கடைக்குப் போகும்போது செய்ய வேண்டியவை. கைப்பேசியைக் கடையின் குளிர்சாதன விளக்கொளியில் மட்டும் பார்க்காதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். விரலை நனைத்துத் தொட்டுப் பாருங்கள். உறையில்லாமல் ஒரு கையில் பிடித்தால் வழுக்குகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது. சிம் அட்டை போட இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 5.6 மில்லிமீட்டர் மெல்லிய ஐபோன் ஏர் வகையில் அட்டை போடும் இடமே கிடையாது. எல்லாம் மின்னணு சிம்தான். பழைய கைப்பேசியிலிருந்து அட்டையைக் கழற்றி இதில் போட்டு அவசரத்துக்குப் பேசும் நம் வழக்கம் அதில் செல்லாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: "ஸ்கிரீன் துக்கார் பெராப்பா?" திரை மாற்ற எவ்வளவு? வாங்கும் முன்பே கேளுங்கள். பதில் வாங்கும் விலையில் பாதியைத் தொட்டால், அந்தக் கைப்பேசியின் உண்மையான விலை ஒன்றரை மடங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தவணைப் பலகையைப் பார்க்கும்போது பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சிறிய எழுத்தைப் படியுங்கள். மாதம் 99 வெள்ளி மட்டும் என்று இருக்கும். கீழே 36 மாதம் என்று இருக்கும். பெருக்கினால் 3,564 வெள்ளி. நான்காம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் போட்டுத் தரும். மொத்த விலை என்ன என்று அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த வேலைக்காக வாங்குகிறோம் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லி, அவர் சொல்லை நம்பி வாங்கினால், அந்த வேலைக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும். ஆகவே, "நான் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன், மழையிலும் தூசியிலும் இருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது. பொருள் தகாததாக இருந்து கடைக்காரரும் கைவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். ஒரு மாலைப் பொழுதின் வேலைதான்.

அங்கே முதலில் கேட்பது இரசீது. இப்போது கடைகளில் தருகிற பளபளப்பான சிறு தாளில் உள்ள எழுத்து வெயில் பட்டாலே சில மாதங்களில் மறைந்துவிடும். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் இருக்கும். வாங்கிய அன்றே பள்ளி அலுவலகத்திலோ, தோட்ட அலுவலகத்திலோ, பட்டணத்துக் கடையிலோ இருபது காசு கொடுத்து நகல் எடுத்து, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் உறையில் போட்டு வையுங்கள்.